தீவுக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. அதன் நிறைவு விழாவில் பேசுமாறு என்னைப் பணித்த விழாக் குழுவினர்க்கு நன்றியுடையேன். பயணியரை ஈர்க்கும் வெப்பமண்டலத் தீவின் நிலவளம், உயிர்வளம், பண்பாடு ஆகியவை குறித்துப் பேசுக என்பது அவர்கள் இட்ட பணி. எல்லாத் தீவுகளையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதினும் ஒரு தீவினை ஊன்றி நோக்குவது பயன்தரும் என்று கருதி, மொரீசியசுத் தீவை எடுத்துக்கொண்டேன். மலையும் கடலும் காடும் அங்கு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்பது ஒரு காரணம். தமிழர்க்கும் அத்தீவிற்கும் முந்நூறு ஆண்டுகளை எட்டும் தொடர்பு உண்டு என்பது மற்றொரு காரணம்.

ஆற்றுப்படையும் விளம்பர ஏடும்

பயணியர்க்கு வழிகாட்டும் இலக்கியம் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்று மீள்பவன் எதிர்வரும் வறியவனைக் கண்டு, இவ்வழியே செல்க, இந்நிலத்தில் இன்ன உணவு பெறுவாய், இன்ன பறவையின் குரலைக் கேட்பாய் என்று எடுத்துரைப்பது அவ்விலக்கிய வகையின் மரபு. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடைய மலைபடுகடாத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அப்பாட்டில் வழிகாட்டுபவன் மலையின் அழகை மட்டும் கூறி நில்லாது, பன்றிக்கு வைத்த பொறியையும், பாம்பு உறையும் குழியையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லையும், வழுக்கும் பாறையையும் எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறான். வழியின் இடரையும் சேர்த்துச் சொல்பவனே நம்பத்தக்க வழிகாட்டி என்பது சங்கச் சான்றோர் கொண்ட கொள்கை.

இன்றைய பயண நிறுவனங்களின் விளம்பர ஏடுகள் இம்மரபின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவை. மொரீசியசைப் பற்றிய ஏடு எதைப் புரட்டினும் 'சொர்க்கம்' என்ற சொல் முதற்பக்கத்திலேயே நிற்கும். அதற்குச் சான்றாக மார்க் ட்வெயினின் பெயரையும் காட்டுவர். அவர் 1896-இல் அத்தீவிற்குச் சென்றதும், மறு ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில் அதுபற்றி எழுதியதும் உண்மை. ஆயினும், தீவைச் சொர்க்கத்தோடு இணைத்துப் பேசும் அக்கூற்று அவருடையதன்று. தீவுவாசி ஒருவர் தம்மிடம் பெருமையாகச் சொன்னது என்றே அவர் அதனை எழுதிவைத்தார். ஏளனம் கலந்த ஒரு குறிப்பு, நூறாண்டு கடந்து புகழுரையாக மாறி உலவுகிறது.

நம் கவிஞர்களின் பயணக் கவிதைகளும் இந்த ஏடுகளின் சொற்களையே கடன்வாங்கி விடுகின்றன என்பது என் கவலை. நீலக்கடல், வெண்மணல், சாய்ந்த தென்னை என்னும் மூன்று தொடர்களை எத்தீவிற்கும் பொருத்திவிடலாம். எதற்கும் பொருந்தும் வருணனை எதனையும் காட்டுவதில்லை. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இத்தீவினை நோக்கினால் என்ன தெரியும் என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள். மடகாசுகருக்குக் கிழக்கே, இந்துமாக்கடலின் தென்மேற்கில், ஏறத்தாழத் தென் அகலாங்கு 20 பாகையில் அமைந்தது மொரீசியசு. பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தினும் சற்றே பெரிது. எரிமலைக் குழம்பு இறுகி எழுந்த நிலம் ஆதலால் எங்கும் கருங்கல். நடுவே மேட்டுநிலம், அதனைச் சூழ உடைந்த கோட்டைச் சுவர்போல் மலைகள். மிக உயர்ந்த முடியும் 828 மீட்டரே. ஆயினும் சமவெளியினின்று செங்குத்தாக எழுவதால் அவை தம் அளவினும் ஓங்கித் தோன்றுகின்றன. தலைநகரான போர்ட் லூயிசுக்குப் பின்னால் நிற்கும் லெ பூசு என்னும் மலையின் பெயருக்குக் கட்டைவிரல் என்பது பொருள். அதன் அருகே பீட்டர் போத்து மலையின் உச்சியில் மனிதத் தலை போன்றதொரு பாறை அமர்ந்திருக்கிறது. 1615-இல் இக்கரையருகே கப்பல் மூழ்கி இறந்த ஒல்லாந்து ஆளுநரின் பெயர் அம்மலைக்கு வழங்குகிறது. அழகிய மலையின் பெயரிலேயே ஒரு கடற்சாவு அடங்கியிருக்கிறது.

தீவைச் சூழப் பவளப்பாறை ஒரு வேலிபோல் அமைந்துள்ளது. பேரலைகள் அவ்வேலியில் மோதி வெண்ணுரையாய் உடைய, உட்புறம் கழிபோல் அமைதியான நீர்ப்பரப்பு நிற்கிறது. பயணியர் நீந்தி மகிழும் கடல் இதுவே. தென்மேற்கில் சமாரல் என்னுமிடத்தில் ஏழுவண்ண மண்மேடுகள் உள்ளன. கருங்கல் சிதைந்து களியாகி, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் உயிர்வளியோடு கூடிப் பல நிறம் காட்டுவதால் விளைந்தவை அவை. அப்பகுதியில் லெ மோர்ன் மலையருகே, வானூர்தியிலிருந்து நோக்குவோர்க்குக் கடலுக்கடியில் ஓர் அருவி வீழ்வதுபோல் தோன்றும். உண்மையில் அங்கு அருவி ஏதுமில்லை. ஆழத்தை நோக்கிச் சரியும் மணலும் வண்டலும் கண்ணுக்குக் காட்டும் மாயம் அது. உவமைக்குப் பொருளாகும் காட்சிதான். எனினும் அது மணல் என்று அறிந்து பாடும் கவிஞனின் உவமை கூடுதல் ஆழம் பெறும்.

பொழுது நிலத்தினும் வியப்பானது. நில நடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ள நாடாதலால் நம் பெரும்பொழுதுகள் அங்குத் தலைகீழாகின்றன. நம் மார்கழி அங்கு முதிர்ந்த வேனில். நம் ஆடி அங்குக் குளிர்காலம். கோடைமுடிவில் நம் தெருக்களில் சிவந்து பூக்கும் மயிற்கொன்றை அங்குத் திசம்பரில் பூக்கிறது. தைப்பூசம் அங்கே கடும் வெயிலும் சூறாவளியும் கூடிய பருவத்தில் வருகிறது. பனியில் நனைந்த தைப்பூசத்தை நெஞ்சில் சுமந்து கப்பலேறியவர்கள், வெந்த நிலத்தில் காவடி எடுத்தார்கள். நிலம் பெயர்ந்ததோடு பொழுதும் பெயர்ந்தது. புலம்பெயர்ந்தோரைப் பாடும் கவிஞர்கள் நிலமாற்றத்தையே பெரிதும் பாடுகின்றனர். பொழுதுமாற்றத்தையும் நினைவில் கொள்ளவேண்டும்.

கருப்பொருள்: புள்ளும் மாவும் மரமும்

கருப்பொருளை நாடிச் செல்லும் பயணி முதலில் தேடுவது, இன்று இல்லாத ஒரு பறவையை! தோதோ என்னும் அப்பறவையின் உருவம் நாட்டின் அரசுச் சின்னத்திலும், கடைதோறும் விற்கும் பொம்மையிலும் உண்டு, காட்டில் இல்லை. 1598-இல் ஒல்லாந்தர் கரையிறங்கித் தம் இளவரசர் மோரிசின் பெயரைத் தீவிற்கு இட்டனர். அப்போது அங்கு மனிதக் குடியிருப்பு இல்லை. பகையறியாது வளர்ந்து, பறக்கும் ஆற்றலை இழந்த புறாவினப் பறவை அது. மனிதர் கொன்றதனால் மட்டும் அது அழியவில்லை. கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும், தரையிலிட்ட முட்டையைத் தின்று தீர்த்தன. 1662-ஐ அடுத்து அதனை உயிரோடு கண்டதற்கு உறுதியான சான்று இல்லை. மனிதர் வந்த எழுபது ஆண்டுக்குள் ஓர் இனம் முடிந்தது. அதன் நெருங்கிய உறவு இன்று நிக்கோபார்ப் புறா என்று 2002-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. வங்கக்கடல் தீவுகளில் வாழும் அப்புறா நமக்கு அயலதன்று.

வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி விலங்கு எதுவும் அத்தீவிற்கு உரியதன்று. மானை 1639-இல் ஒல்லாந்தர் சாவகத்திலிருந்து கொண்டுவந்தனர். விடுதித் தோட்டத்தில் பயணியரை எழுப்பும் பறவைகளும் பெரும்பாலும் வந்தேறிகளே. அவற்றுள் நம் நாகணவாய்ப் புள்ளும் ஒன்று. வெட்டுக்கிளியை ஒழிக்கவேண்டிப் பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற மைனா அங்கே பெருகிவிட்டது. தமிழ்ப் பயணி அதனைக் கண்டு 'நம்மூர்ப் பறவை' என மகிழலாம். அம்மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு தீவின் பறவையினம் இடம்பெயர்ந்த கதையும் இருக்கிறது.

மரங்களின் கதையும் இதுவே. ஒல்லாந்தர் தீவின் கருங்காலியை வெட்டி ஏற்றுமதி செய்தனர். பின்வந்தோர் கரும்பிற்காகக் காட்டை அழித்தனர். இன்று நல்ல நிலையில் எஞ்சிய இயற்கைக் காடு நிலப்பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவு. பயணி பச்சை என்று காண்பதில் பெரும்பகுதி கரும்பு.

இங்கே கவிஞர்கள் விரும்பும் ஒரு கதையைக் குறிப்பிடவேண்டும். தம்பலக்கோக்கு என்னும் மரத்தின் விதை தோதோவின் வயிற்றில் சென்று வந்தால்தான் முளைக்கும் என்றும், பறவை அழிந்ததால் மரமும் அழிகிறது என்றும் 1977-இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். காதலர் இருவரில் ஒருவர் மாய மற்றவர் மாய்வது போன்ற இக்கதை உலகெங்கும் பரவிற்று. பின்வந்த ஆய்வுகள் இதனை ஏற்கவில்லை. அவ்விதை பறவையின் துணையின்றியும் முளைக்கிறது. தோதோ மறைந்தபின் பிறந்த மரங்களும் உள்ளன. அழகாயிருப்பதனாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

மெய்யான கதை இதனினும் அழகியது. மொரீசியசு வல்லூறு என்னும் சிறு வேட்டைப்பறவை 1974-இல் காட்டில் நான்கு மட்டுமே இருப்பதாக அறியப்பட்டது. காடழிந்ததோடு பூச்சிமருந்தும் அதனை நலித்தது. 1979-இல் கார்ல் சோன்சு என்னும் இளம் உயிரியலாளர் பொறுப்பேற்றார். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துக் கருவியில் பொரிக்க வைத்தால் தாய்ப்பறவை மீண்டும் முட்டையிடும் என்பதைப் பயன்படுத்தி, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டனர். கூடுகட்டப் பெட்டிகள் வைத்தனர்; பகைவிலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்தனர். இன்று அவை சில நூறு. 1990-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பத்தாகக் குறைந்த இளஞ்சிவப்புப் புறாவும், அழிவின் விளிம்பில் நின்ற பச்சைக்கிளியும் இவ்வாறே மீண்டன. தென்கிழக்குக் கரைக்கு அப்பால் 26 எக்டர் பரப்புடைய எக்ரெத்துத் தீவில், அழிந்துபோன பேராமைகளுக்கு மாற்றாக அல்தாப்ரா ஆமைகளைக் கொணர்ந்து விட்டனர். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இளங்கன்றுகள் முளைக்கின்றன. இறந்தவனின் வேலையை வேறொருவன் வந்து செய்வதுபோன்ற செய்தி இது.

கருப்பொருள்: தெய்வமும் உணவும் பறையும் யாழும்

நான்கு மதங்கள், பல மொழிகள் என்று விளம்பர ஏடுகள் இத்தீவின் பண்பாட்டை ஒரே வரியில் முடித்துவிடும். கருப்பொருள் வரிசையில் நோக்கினால் அது விரிகிறது.

தெய்வத்தை எடுத்துக்கொள்வோம். கோர் தெ கார்து என்னும் மலைச்சரிவில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். குறிஞ்சிக்கிழவன் கடல்கடந்தும் மலையைக் கண்டுகொண்டான். தைப்பூசக் காவடி அந்நாட்டில் அரசு விடுமுறை நாள். எரிமலைவாயில் தேங்கிய கிராண்டு பாசின் ஏரிக்கு மகாசிவராத்திரியன்று இலட்சக்கணக்கானோர் நடந்து செல்கின்றனர். 1972-இல் கங்கைநீரைக் கொணர்ந்து அதில் கலந்தபின் அது கங்கா தலாவ் ஆயிற்று. செப்டம்பரில் லவால் பாதிரியாரின் கல்லறைக்குச் செல்வோரில் கிறித்தவர் அல்லாதாரும் உண்டு.

உணவில் நம் மொழி ஒளிந்திருக்கிறது. அங்குப் பெரும்பாலோர் பேசும் கிரியோல் பிரெஞ்சின் வழிவந்தது. அதிலே முருங்கைக்கீரை 'முரும்' கீரை ஆகிறது. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்' என ஒலிக்கிறது. கறிவேப்பிலை 'கரிப்புலே'. இரசம் 'ரசோன்'. மிளகுத்தண்ணீர் 'முலுக்தானி'. இச்சொற்களைத் தமிழரல்லாதாரும் தம் சொல்லாகவே வழங்குகின்றனர். மொழி வீட்டுக்கூடத்தை விட்டு நீங்கியபின்னும் அடுக்களையை விட்டு நீங்குவதில்லை போலும்.

பறைக்கு வருவோம். சேகா என்னும் ஆடல்பாடல் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாசுகரிலிருந்தும் அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் படைப்பு. வெள்ளாட்டுத்தோல் போர்த்திய 'ரவான்' என்னும் பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய பின்னரே முழக்குவர். பறையைத் தீக்காய்ச்சும் அந்நிகழ்ச்சி நமக்கு விளக்கவேண்டாதது. யாழின் இடத்தில், பழைய சேகாவில் 'போப்ரு' என்னும் கருவி இருந்தது. வில்லில் நரம்பு கட்டிச் சுரைக்குடுக்கை பொருத்திய கருவி அது. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் குமிழங்கொம்பை வளைத்துச் செய்யும் வில்யாழை இங்கு நினைக்காதிருக்க இயலவில்லை. இரண்டிற்கும் உறவு உண்டு என்று நான் கூறவில்லை. எளிய மனிதன் கையில் கிடைத்ததை வளைத்து இசை செய்தான் என்பது இருகரைக்கும் பொது. மரபுவழிச் சேகாவை 2014-இல் யுனெசுக்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று விடுதிகளில் இரவு விருந்தின்போது ஆடப்படும் சேகா வண்ணப்பாவாடைக் கேளிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. அதன் தொடக்கமோ பகலெல்லாம் வயலில் உழைத்தவர்களின் இரவுக்குரல்.

உரிப்பொருள்

அவையோரே, முதலும் கருவும் கண்டோம். பயண ஏடுகள் இவ்விரண்டோடு நின்றுவிடும். உரிப்பொருள் இன்றி ஒரு திணை நிறைவுறுமா? இத்தீவின் உரிப்பொருள் யாது?

செய்தி என்னும் தொழிலைக் கருப்பொருள் வரிசையில் நான் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தேன். கரும்பு வெட்டுவதே அத்தொழில். மொரீசியசின் கரும்பு வயல்களுக்கிடையே கருங்கற்கள் கூம்புபோல் அடுக்கிய குவியல்கள் காணப்படும். பயணியர் அவற்றை நிழற்படம் எடுத்துக்கொள்வர். உழவுக்கு நிலத்தைத் திருத்தியபோது மனிதர் கையால் பொறுக்கிக் குவித்த எரிமலைக் கற்கள் அவை. தீவில் பெயரெழுதாத நினைவுச்சின்னங்கள் அவையே என்பேன்.

முதலில் அக்கைகள் அடிமைகளுடையவை. பிரெஞ்சு ஆட்சி 1715-இல் தொடங்கிற்று. தப்பி ஓடிய அடிமைகள் 556 மீட்டர் உயரமுள்ள லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்தனர். 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவிக்க வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்களாகக் கருதி, மலையுச்சியினின்று பலர் குதித்து மாண்டனர் என்பது மக்கள் வாய்மொழி. வரலாற்று ஆவணத்தில் அது உறுதிப்படாவிடினும் ஒரு மக்கள் கூட்டத்தின் நெஞ்சில் உறுதிப்பட்டது. 2008-இல் அம்மலை உலக மரபுச்சின்னம் ஆயிற்று. இன்று அதன் அடிவாரத்தில் செல்வர் விடுதிகள். நாட்டு மலரான திரோசெத்தியா அம்மலையின் பாறைகளில் செந்நிறத்தில் தொங்குகிறது.

அடுத்த கைகள் ஒப்பந்தக் கூலிகளுடையவை. 1834 முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தியாவிலிருந்து நாலரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றிறங்கினர். போர்ட் லூயிசின் துறைமுகத்தில் அவர்கள் ஏறிய பதினாறு கற்படிகள் இன்றும் உள்ளன. அவ்விடம் ஆப்பிரவாசி காட்டு என்னும் பெயரால் 2006 முதல் உலக மரபுச்சின்னம். ஒருநாள் வேலைக்கு வாராதவனுக்கு இருநாள் கூலி பிடிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவன் தன் நிழற்படம் ஒட்டிய சீட்டின்றி வெளியே நடமாடக் கூடாது என்று 1867-இல் சட்டம் வந்தது. இக்கொடுமையை எதிர்த்து 1871-இல் அதோல்பு தெ பிளெவித்சு எழுப்பிய விண்ணப்பத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். அம்முயற்சியில் இராசரத்தின முதலியார் என்னும் தமிழர் துணைநின்றார்.

தோதோவுக்கும் கூலிக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அதனை இவ்வவையில் கட்டாயம் சொல்லவேண்டும். பறவை மறைந்து நெடுங்காலத்திற்குப்பின், அப்படி ஒன்று இருந்ததா என்றே அறிஞர் சிலர் ஐயுற்றனர். 1865-இல் சோர்சு கிளார்க்கு என்னும் பள்ளி ஆசிரியர் தென்கிழக்கிலுள்ள மார் ஓ சோஞ்சு என்னும் சதுப்பில் எலும்பு தேடினார். அவர் கூலியாட்களைச் சதுப்பின் நடுவே இறக்கி, வெறுங்காலால் சேற்றைத் துழாவச் செய்தார். உலகத்தின் அருங்காட்சியகங்களில் நிற்கும் தோதோவின் எலும்புகளில் பல அவ்வாறு அக்கால்களுக்குத் தட்டுப்பட்டவை. ஆய்வுநூலில் ஆசிரியரின் பெயர் உண்டு. பேரறிஞர் ஓவனின் பெயர் உண்டு. அந்தக் கால்களுக்குப் பெயரில்லை. பயணியர் வந்திறங்கும் வானூர்தி நிலையம் அச்சதுப்பிற்கு அருகிலேயே இருக்கிறது.

இதனால்தான் இத்தீவின் உரிப்பொருளை நெய்தலின் இரங்கல் என்றும் பாலையின் பிரிவு என்றும் கூறத் தோன்றுகிறது. ஆயினும் அதோடு நிற்க என் உள்ளம் ஒப்பவில்லை. நான்கு வல்லூறுகளை நானூறாக்க முயன்ற பொறுமைக்கு எந்தத் திணை? மீளும் என நம்பிக் காத்திருப்பது முல்லையின் இருத்தல். 2020 சூலை 25-இல் வகாசியோ என்னும் சரக்குக்கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் ஏறி, ஆகத்து மாதத்தில் அதன் எண்ணெய் கடலில் கொட்டிற்று. அப்போது அம்மக்கள் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து நீண்ட மிதவைகளாகத் தைத்துக் கடலில் இட்டனர். எந்தக் கரும்பு அவர்தம் முன்னோரின் முதுகை ஒடித்ததோ, அதன் சோகை அவர்தம் கடலைக் காக்கக் கைகொடுத்தது. இரங்கலும் இருத்தலும் ஒருங்கே நிற்கும் திணை இது.

கவிஞர்க்குச் சில சொற்கள்

இத்தீவை மற்றமொழிக் கவிஞர் பாடாமல் விடவில்லை. பிரெஞ்சில் பெர்னார்தின் தெ சேன் பியேரின் 'பாலும் விர்சினியும்' என்ற புதினம் 18-ஆம் நூற்றாண்டிலேயே இத்தீவை ஐரோப்பாவின் கனவாக்கிற்று. போதலேர் 1841-இல் இங்குத் தங்கிச் சென்றார். தீவின் மைந்தர்களே கூலியின் பக்கமிருந்து எழுதியது பிற்காலத்தில். அபிமன்யு அனத்து இந்தியில் எழுதிய 'லால் பசீனா' ஒப்பந்தக் கூலிகளின் வியர்வையைப் புதினமாக்கியது. கால் தொராபுலி 1992-இல் 'கூலித்துவம்' என்னும் பொருள்படும் சொல்லையே படைத்து, இழிசொல்லைக் கவிதைக்கொடியாக உயர்த்தினார். 'கூலி' என்பது நம் மொழியின் சொல் என்பதை நாம் மறக்கலாகாது. பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடியது பிஜித் தீவை எண்ணி. மொரீசியசுக் கரும்பிற்கும் அத்தகைய தமிழ்ப்பாட்டு வேண்டும்.

பாட விழைவோர்க்கு மூன்று சொற்கள் கூறி அமைகிறேன்.

முதலாவது: பெயரறிந்து பாடுங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கியது வெற்று விளையாட்டன்று, பார்த்தவனின் சான்று. காணாத குயிலை அத்தீவில் கூவ வைப்பதினும், கண்ட வல்லூற்றின் பெயரைச் சொல்வது கவிதைக்கு வலிமை.

இரண்டாவது: அங்கே நம் முகத்தை மட்டும் தேடாதீர்கள். தமிழர் அத்தீவிற்குப் பலவழிகளில் சென்றனர். 1735-இல் ஆளுநராய் வந்த லா பூர்தொனேயின் காலத்தில் புதுச்சேரிக் கொத்தரும் தச்சரும் துறைமுக நகரைக் கட்டச் சென்றனர். சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரும் உண்டு, வணிகரும் உண்டு, கூலிகளும் உண்டு. எனினும் கூலிகளில் பெரும்பாலோர் போசுபுரி பேசிய பீகார்ப் பகுதியினர். அவர்க்கு முன்னமே அத்தீவில் வியர்வையும் குருதியும் சிந்தியவர் ஆப்பிரிக்கரும் மடகாசுகர் மக்களும். பிறர் துயரத்தை நம் துயரத்தின் பின்னணியாக்கிப் பாடுவது அறமாகாது.

மூன்றாவது, மொழி பற்றியது. அங்குள்ள தமிழ் வழியினரில் மிகப்பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். ஆறுமுகமும் சுப்பிரமணியனும் முத்துவும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. ஆயினும் நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழுக்குரிய இரண்டாம் இடம் இந்திக்குச் சென்றபோது எழுந்த கிளர்ச்சியால், அத்தாள்களையே திரும்பப் பெற நேர்ந்தது. படிக்க இயலாதவர் பலரும் அவ்வெழுத்திற்காகத் தெருவில் நின்றனர். நன்கு படிக்கவல்ல நாம் அவர்களைக் கண்டு இரங்குவது பொருந்தாது. 1989-இல் உலகத் தமிழ் மாநாட்டைத் தம் மண்ணில் நடத்தியவர்கள் அவர்கள். பள்ளிகளில் விருப்பப்பாடமாகத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்றும் அங்கு உளர். அவர்கள் கையில் கொடுக்க, அவர்தம் மலையையும் பறவையையும் பொழுதையும் பாடும் தமிழ்க்கவிதை நம்மிடம் எத்தனை உண்டு? மார்கழிப் பனியைப் பாடும் பாட்டை மார்கழி வேனிலில் வாழும் குழந்தைக்குக் கற்பித்தால், தமிழ் தன் நாட்டிற்கு ஒவ்வாத மொழி என்றன்றோ அது எண்ணும்?

போர்ட் லூயிசின் வடபுறத்தே பாம்பில்மூசு தாவரத் தோட்டத்தில் தாளிப்பனைகள் நிற்கின்றன. தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய மரம் அது. நம் முன்னோர் சுவடி எழுத ஓலை தந்த பனைகளுள் ஒன்று. பல பத்தாண்டு வளர்ந்து, வாழ்நாளில் ஒரேமுறை வான்நோக்கிப் பூத்து, காய்த்துப் பின் மடியும். பயணியர் அந்தப் பூங்குலையைக் காணப் போகின்றனர். ஓலையில் எழுதியவர்களின் வழிவந்த நாம், அம்மரத்தின் நிழலில் எழுதுவதற்கும் சில வரிகளைக் கொண்டுசெல்லவேண்டும். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அத்தகைய கவிதைத் தொகுதி ஒன்றேனும் வெளிவருமாயின், அதுவே அத்தீவிற்கு நாம் செய்யும் மெய்யான ஆற்றுப்படை.